கரையோரப் பந்தலும் காணாமற்போன மணலும்

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள் கடற்கரைத் திருமணத்தைப் புதுநாகரிகமாக விற்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, இராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் மீனவர் குப்பங்களில் திருமணங்கள் அலையோசை கேட்கும் தூரத்தில் நடந்துவந்துள்ளன. மண்டபம் பிடிப்போர் பெருகிவிட்ட இக்காலத்திலும், காசிமேடு, திருவொற்றியூர்க்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற ஊர்களில் வீட்டு வாசலை ஒட்டிப் பந்தல் போட்டு, உற்றாரை அமரவைத்துத் தாலி கட்டும் வழக்கம் மறைந்துவிடவில்லை.

பந்தல், மணல், விளக்கு, சுற்றம் என்னும் நான்கும் தமிழர் திருமணத்தின் பழைய அடிப்படைகள் என்பதற்கு அகநானூற்றின் 86ஆம் பாடல் சான்றாகும். நல்லாவூர் கிழார் பாடிய அப்பாடலில், கால்கள் வரிசையாக நின்ற பெரும்பந்தலின்கீழ் மணல் கொண்டுவந்து பரப்பப்பட்டு, விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிடப்பட்ட விடியற்பொழுதில், மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். புரோகிதரோ தீவலமோ குறிக்கப்படாத அச்சடங்கைச் சுற்றத்தார் கூடியிருப்பதே நிறைவேற்றிவைக்கிறது. வடசென்னைக் கரையில் இந்நான்கில் மூன்று இன்றும் குறைவின்றி உள்ளன, மணல்தான் போய்விட்டது.

அது போன கதை, சென்னைத் துறைமுகத்தின் கதை. தெற்கிலிருந்து வடக்காக ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்காக வருவதை வன்னி என்றும் சென்னை மீனவர் வழங்குவர். ஆண்டின் பெரும்பகுதியில் தெண்டியே மேலோங்குவதால், கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்ந்தவண்ணம் இருக்கும் இயல்புடையது. 1875இல் தொடங்கப்பட்டு, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் அந்நகர்வுக்குக் குறுக்கே நின்றன. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. மணல்வரத்து அற்றுப்போன இராயபுரம் கரையைக் கடல் அரித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் மெரினாவில் மக்கள் உலாவுவதற்குச் சாலை அமைத்ததும் இதே காலகட்டத்தில்தான். அரிப்பைத் தடுக்க வடகரையில் கருங்கற்கள் கொட்டப்பட்டபோது, கற்சுவர் முடியுமிடத்திற்கு அப்பால் அரிப்பு இடம்பெயர, சுவரும் அதன் பின்னால் எண்ணூர்ப் பக்கம் நீண்டுகொண்டே சென்றது. கடலுக்குள் குறுக்காகக் கல் அடுக்கி மணலைப் பிடித்துவைக்கும் தூண்டில் வளைவுகளால் ஆங்காங்கே சிறு மணல்திட்டுகள் ஒதுங்கியுள்ளன. மணமக்களைப் படமெடுப்போர் இப்போது தேடிச் செல்வது அத்திட்டுகளையே.

ஆகவே, இங்கு உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வருவோர் எண்ணூர் விரைவுச் சாலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, துறைமுகத்திற்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து, பேனர் கட்டிய தெருவை அடைகின்றனர். மணலில் ஊன்ற வேண்டிய பந்தற்கால்கள் சிமென்ட் தெருவில் நிற்க வேண்டியிருப்பதால், கல்லும் மண்ணும் நிரப்பிய பெயிண்ட் டப்பாக்களில் அவை நிறுத்தப்படுகின்றன. கடற்காற்று துணியைத் தூக்கிவிடாதபடி ஷாமியானாவின் மூலைகள் படகு கட்டும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டப்படுகின்றன. அம்முடிச்சை வாடகைக்கடை ஆட்களைவிட மாப்பிள்ளையின் சித்தப்பாமாரும் மச்சான்மாரும் உறுதியாகப் போடுவர். பிரியாணி அண்டாவின் அடுப்பைக் காற்றிலிருந்து காக்கத் தகரம் மறைப்பாக நிற்கும். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்வதும், தாய்மாமன் சீர்த்தட்டுகள் மேளத்துடன் தெருவில் வருவதும் முடிந்தபின், மணவீட்டிலும் சாவுவீட்டிலும் ஒருங்கே பாடப்படும் வடசென்னைத் தெருப்பாட்டான கானா இரவு முழுவதும் ஒலிக்கும்.

சித்திரை, வைகாசி ஆகிய முகூர்த்த மாதங்களுக்கு இக்கரையில் தனிப்பொருள் உண்டு. முன்பு 45 நாளாக இருந்து, பின்னர் 61 நாளாக நீட்டிக்கப்பட்ட மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைப்பதால், ஏறத்தாழ அவ்விரு மாதங்களையும் முழுமையாக எடுத்துக்கொள்கிறது. நாள்கணக்கில் கடலில் தங்கும் ஆண்கள் ஒருசேர வீட்டில் இருக்கும் காலம் அதுவே; கையில் பணப்புழக்கம் குறையும் காலமும் அதுவே. வருவோர் நிறைவாகவும் வரவு குறைவாகவும் உள்ள அந்நாளில், மொய், அதாவது விருந்தினர் கொடுத்து நோட்டில் பெயருடன் பதியப்படும் தொகை, கைமாற்றாகச் செயல்படுகிறது. பெற்றவர் தம் முறை வரும்போது சற்றுக் கூட்டியே திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர்.

மண்டபமும் மந்திரமும் இல்லாத திருமணத்திற்குச் சட்டத்தின் ஏற்பும் உண்டு. 1968இல் நடைமுறைக்கு வந்த, இந்து திருமணச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம், உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்வதையோ, மாலை அல்லது மோதிரம் மாற்றுவதையோ, தாலி கட்டுவதையோ செல்லத்தக்க திருமணமாக ஏற்கிறது. அதற்கு ஊரறிய அறிவிப்பதுகூடக் கட்டாயமன்று என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. சட்டம் சில சாட்சிகளோடு நிறைவடைய, குப்பமோ ஊர் முழுவதையும் சாட்சியாக எதிர்பார்க்கிறது. திருவொற்றியூரின் தலமரபிலும் இத்தகைய எதிர்பார்ப்பே வெளிப்படுகிறது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், தாம் பிரியமாட்டேன் என்னும் உறுதியை இறைவன் இல்லாத கருவறையில் சொல்லித் தப்பிக்க எண்ணி, அப்போது மகிழமரத்தடியில் சென்றிருக்குமாறு சிவனிடம் வேண்ட, சிவனோ அம்மரத்தடியிலேயே சூளுறவு பெறும்படி சங்கிலியாருக்கு உணர்த்தினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பின்னர் அச்சொல்லை மீறி ஊரெல்லை கடந்தபோது சுந்தரர் கண்ணிழந்தார். மாசித் திருவிழாவில் நடைபெறும் மகிழடி சேவை இந்நிகழ்வின் நினைவாகும். சொன்ன சொல்லுக்குக் கட்டடம் வலிமை தருவதில்லை, அங்கே நிற்கும் சாட்சியே தருகிறது என்பதை இவ்வூர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

சாட்சிகள் நிற்க இடம் வேண்டும். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் மீன் உலர்த்தும் களம் முதலிய பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கப் பணித்தது. வலை காய்வதும் பந்தல் எழுவதும் பெரும்பாலும் ஒரே திறந்த நிலத்தில்தான் என்பதால், அந்நிலம் சாலை விரிவாக்கத்திற்கோ சரக்குக் கிடங்கிற்கோ போகுமானால், தொழிலிடத்தோடு ஊர் கூடுமிடமும் சேர்ந்தே போய்விடும். மணலை இழந்த வடகரைக்கு, எஞ்சியிருக்கும் அந்தத் திறந்த நிலத்தையேனும் எழுத்தில் உறுதிசெய்து தருவது நகரின் கடமையாகும்.