சூம் பண்ண முதல் நாலு அடி நடப்போம்

போன வருசம் மட்டக்களப்புப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூத்துப் பார்க்கப் போயிருந்தோம். வடமோடிக் கூத்து, விடிய விடிய ஆட்டம். எங்களில் நாலு பேர். கையில் மூன்று போன், கடன் வாங்கின கமரா ஒன்று. மாதக்கணக்காய்ப் பழகின பொடியள் அன்றைக்குத்தான் அரங்கேறுகிறார்கள். "இதை முழுசா வீடியோ எடுத்து வைக்கவேணும், நாளைக்கு இது இருக்குமோ தெரியாது" என்று பெரிய கதையெல்லாம் கதைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

களரியைச் சுற்றிச் சனம். நாங்கள் பின்னுக்கு ஒரு வேப்ப மரத்துக்குக் கிட்ட நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, இழுக்கக்கூடிய மட்டும் சூம் பண்ணி எடுத்தோம். விடியப்பறம் ஆட்டம் முடிந்த பிறகு, எழுபது வயதுக்கு மேற்பட்ட அண்ணாவியார் எங்களைக் கூப்பிட்டார். "எடுத்தத ஒருக்காக் காட்டுங்க மனே" என்றார். காட்டினோம். இரண்டு நிமிசம் பார்த்திருப்பார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, "தலை சுத்துது மனே. கால் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

கோபமாய்க் கேட்கவில்லை. ஆனால் எங்களிடம் பதில் இல்லை. கூத்தென்றால் ஆட்டம், ஆட்டமென்றால் கால். எங்கள் வீடியோவில் முகம் வந்து வந்து போகிறது, முடி ஆடுகிறது, பின்னால் இருக்கிற ரியூப் லைட் ஆடுகிறது. ஆடினவர்களின் கால் மட்டும் ஒரு இடத்திலும் பத்து செக்கன் ஒழுங்காய் நிற்கவில்லை. நாலு மணித்தியால வீடியோ. ஒருவராலும் பார்க்க முடியாது.

திரும்பி வருகிற வழியெல்லாம் நாங்கள் போனைத்தான் திட்டினோம். பிறகு கிம்பல் வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். வாங்கவில்லை, தெரிந்த ஒருவரிடம் இரவல் எடுத்தோம். அதைக் கொண்டுபோய் ஒரு தேர்த்திருவிழாவில் தூரத்தில் நின்று சூம் பண்ணிப் பார்த்தோம். நடந்துகொண்டு அகலமாய் எடுத்ததெல்லாம் வடிவாய் வந்தது. சூம் பண்ணினதோ மெதுவாய் அலைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பிழை எங்கே என்று யோசிக்கத் தொடங்கினோம்.

எங்கள் கருத்து இதுதான். சூம் வீடியோவின் நடுக்கத்தைச் சாமான் வாங்கித் தீர்ப்பது கடைசி வேலை. முதல் வேலை, எங்கே நிற்பது என்று முடிவெடுப்பது.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். போனின் சாதாரண லென்ஸ் முழுச் சட்டகக் கமராவில் 24 மி.மீ. லென்ஸ் போடுவதற்கு ஏறக்குறையச் சமம். அதை வைத்துப் பத்து மீற்றர் தூரத்தில் இருந்து எடுத்தால், பிரேமுக்குள் சுமார் 15 மீற்றர் அகலம் அடங்கும். பத்து மடங்கு சூம் பண்ணினால் அடங்குவது ஒன்றரை மீற்றர். இப்போது உங்கள் கை அரைப் பாகை அசைகிறது என்று வைப்போம். அரைப் பாகை ஒன்றும் பெரிதில்லை, ஒரு மூச்சு விட்டாலே அவ்வளவு அசையும். பத்து மீற்றர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் விலகல். பதினைந்து மீற்றரில் 9 சென்ரிமீற்றர் ஆருடைய கண்ணிலும் படாது. ஒன்றரை மீற்றரில் அதே 9 சென்ரிமீற்றர்? 1920 பிக்சல் அகலமான வீடியோவில், முதலாவதில் 11 பிக்சல் நகர்ந்தது இரண்டாவதில் நூறைத் தாண்டும்.

கை கூட நடுங்கவில்லை. அதே கைதான். சூம் அதைப் பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது.

இதையே மறுபக்கமாய்ப் பாருங்கள். தூரத்தை நாலில் ஒன்றாய்க் குறைத்தால் நாலு மடங்கு சூம் தேவையில்லை. நாலு மடங்கு நடுக்கமும் போய்விடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, நடந்தால் போதும். அப்படியென்றால் அன்றைக்கு நாங்கள் ஏன் நடக்கவில்லை? உண்மையைச் சொன்னால், கூச்சம். முன்னுக்குப் போய், "நாங்கள் வீடியோ எடுக்கிறம், இந்தப் பாயில ஒரு ஓரமா இருக்கலாமா?" என்று கேட்கக் கூச்சம். வட்டக்களரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சனம் இருக்கும், எந்தப் பக்கம் இருந்தும் பார்க்கலாம். கேட்டிருந்தால் இடம் தந்திருப்பார்கள். நாங்கள் கேட்காததுக்கு சூம் ஒரு சாட்டாய் இருந்தது.

கிட்டப் போக ஏலாத இடங்களும் உண்டுதான். குளத்து நடுவில் நிற்கிற நாரை, மைதானத்து நடுவில் நடக்கிற மட்ச், உள்ளே போக விடாத இடம். அங்கே சூம் வேண்டும். அப்போதும் கிம்பலுக்கு முதல் உடம்பு இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவே வேண்டாம், அதைவிட மோசமான பிடி இல்லை. மரத்திலோ மதிலிலோ சாய்ந்து நில்லுங்கள். நிலத்தில் இருந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றினால் இன்னும் நல்லது. கமராவில் கழுத்துப் பட்டி இருந்தால் அது இறுகும் வரை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு துணிப்பை. அதற்குள் முக்கால்வாசி பயறு நிரப்பித் தைத்தோம். மதிலிலோ கதிரையிலோ வைத்து அதன்மேல் கமராவை அமர்த்தினால் அப்படியே பதிந்து நிற்கும். பயறில்லாவிட்டால் அரிசி.

ட்ரைபொட் இருந்தால் கவலையில்லை என்று நினைக்கிறவர்களுக்கும் நாலு சொல். காலை நன்றாய் விரித்து வையுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், உயர்த்தினால் அது ஒற்றைக்கால் மாதிரித்தான். பலகை மேடையில் வைக்க வேண்டாம். ஆடுகிறவர் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் படத்துக்குள் வரும். மண் தரையில் வையுங்கள். காற்றென்றால் நடுவில் ஒரு பாரமான பையைக் கட்டி, அது ஊஞ்சலாடாமல் அடி நிலத்தில் தொடும்படி விடுங்கள். ரெக்கோர்ட் பட்டனை அமத்தும்போதே கமரா ஆடும். ஆகவே அமத்தி மூன்று செக்கன் சும்மா விடுங்கள். பல போன்களில் வயர் ஹெட்செட்டின் சத்தம் கூட்டும் பட்டனே ரிமோட்டாய் வேலை செய்யும். ட்ரைபொட்டில் வைத்த பிறகு லென்ஸில் இருக்கிற நடுக்கக் குறைப்பை நிறுத்தச் சொல்லிப் பல லென்ஸ்களின் கையேடுகளே சொல்கின்றன. அசைவில்லாத இடத்தில் அசைவைத் தேடி அதுவே படத்தை மிதக்க வைக்கும்.

போனுக்குள்ளே இருக்கிற நடுக்கக் குறைப்பைப் பற்றியும் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, கை எந்தப் பக்கம் திரும்புகிறதென்று உணர்ந்து லென்ஸையோ சென்சரையோ எதிர்ப்பக்கம் நகர்த்துவது. மற்றது, பிரேமின் ஓரங்களை வெட்டி, மிச்சப் படத்தை நகர்த்தி நகர்த்திப் பொருத்துவது. இரண்டாவதுக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் ஒவ்வொரு பிரேமையும் போன் கூட நேரம் திறந்து வைக்கிறது, அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் அந்தப் பிரேமே கலங்கிவிடும். கலங்கின பிரேம்களை எவ்வளவு நேராய் அடுக்கினாலும் கலங்கல் போகாது. பிறகு கணினியில் சரிசெய்யலாம் என்பதும் இதே கதைதான். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலேயே அந்த வசதி இருக்கிறது, ஆனால் அதுவும் ஓரத்தை வெட்டும், கலங்கலைத் தெளிவிக்காது.

இரவில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. தூர லென்ஸ் உள்ள போன்கள் சிலவற்றில், வெளிச்சம் குறைந்தால் போன் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண லென்ஸுக்கு மாறி, அந்தப் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். சூம் பண்ணிக்கொண்டு தூர லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். படம் மறையாவிட்டால் நீங்கள் நம்பியிருக்கிற லென்ஸ் வேலையே செய்யவில்லை.

அதனால் இரவு நிகழ்ச்சிக்குப் போனால் ஷட்டரை நீங்களே தீர்மானிக்கக்கூடிய அப் ஒன்றைப் போட்டு வையுங்கள். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப் லைட் மினுங்குவதும் இதோடு பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொரு பல்ப் போட முடியுமா என்று கேட்பதும் பிழையில்லை.

"நடுங்கினால் என்ன, அதுதானே உண்மை?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதாடினார். 1995இல் லார்ஸ் வொன் ட்ரையரும் தோமஸ் வின்ரர்பேர்க்கும் எழுதின டொக்மே விதிகளில் கமரா கையில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதிப்படி எடுத்த 'ஃபெஸ்ரன்' படத்தை நாங்களும் பார்த்தோம். கமரா ஆடுகிறதுதான். ஆனால் அது சாப்பாட்டு மேசைக்குக் கிட்டவே நிற்கிறது, ஆட்களுக்குள்ளே புகுந்து போகிறது. கூட நிற்கிற ஒருவரின் மூச்சு மாதிரி அந்த ஆட்டம். தூரத்தில் ஒளித்து நின்று சூம் பண்ணினால் வருகிற ஆட்டம் அதில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லி நாங்கள் எங்கள் சோம்பலுக்குக் கலை என்று பெயர் வைக்கக்கூடாது.

சூம் பண்ணிக் கையில் பிடித்தெடுத்த வீடியோ வரலாறாகியும் இருக்கிறது. 1963 நவம்பர் 22, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டலஸ் நகரில் சுடப்பட்டதை ஏபிரகாம் சப்ருடர் என்ற உடுப்பு வியாபாரி 8 மி.மீ. கமராவில் எடுத்தார். 26 செக்கன் சொச்சம். லென்ஸை முழுச் சூமில் வைத்திருந்தார். ஒரு சீமெந்துக் கட்டின்மேல் ஏறி நின்றார். அவருக்குத் தலைச்சுற்று வருத்தம் இருந்தது. அதனால் அவரிடம் வேலை செய்த மரிலின் சிற்ஸ்மன் பின்னால் ஏறி நின்று அவரைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பின்னால் நின்ற ஆள்தான். சூம் தனி ஆளின் வேலையில்லை. நாலு பேர் போனால் நாலு பேரும் படம் எடுக்கத் தேவையில்லை. ஒருவர் எடுக்கட்டும், ஒருவர் தோளைப் பிடிக்கட்டும்.

கடைசியாய் ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கின தொடர் போராட்டம் எல்லாருக்கும் தெரியும். அது மாதிரியான இடங்களில், ரோட்டுக்கு மறுபக்கம் நின்று அழுகிற அம்மா ஒருவரின் முகத்துக்கு சூம் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். நாங்களும் ஒருக்கால் செய்திருக்கிறோம். அந்த வீடியோ நடுங்காமல் வந்திருந்தாலும் அது பிழைதான். அவருக்குக் கிட்டப் போய் இருந்து, "அம்மா, எடுக்கலாமா?" என்று கேட்டால் அவர் ஓம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஓம் என்றால் சூம் தேவையில்லை. வேண்டாம் என்றால் வீடியோவே தேவையில்லை.

இந்த வருசம் அதே ஊருக்குத் திரும்பப் போனோம். புதுக் கூத்துக்கு அடுக்குப் பார்க்கிற நாள். இந்த முறை முதலில் அண்ணாவியாரிடம் கேட்டோம். முன்னுக்குப் பாயில் ஒரு ஓரம் தந்தார். ஒரு கதிரை, அதன்மேல் பயற்றுப் பை, அதன்மேல் போன். சூம் இல்லை. தலையும் காலும் பிரேமுக்குள். இரண்டாவது ஆள் பக்கத்தில் இருந்து போன் சரியாமல் பார்த்துக்கொண்டார்.

முடிந்த பிறகு அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்த முறை இரண்டு நிமிசத்தில் திருப்பித் தரவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஆடின பொடியனைக் கூப்பிட்டுக் காட்டினார். "இஞ்ச பாரு, தாளம் இஞ்ச விழுது, உன்ர கால் பிந்தி விழுது."

பொடியன் குனிந்து பார்த்தான். பிறகு எழும்பி, அந்த இடத்தை மட்டும் திரும்ப ஆடிக் காட்டினான்.