கடலடி இயந்திரமும் நமது டெலிவரி வேனும்

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் ஹேர்மஸ் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. நீளம் சுமார் 600 அடி. விசேட பயிற்சி பெற்ற சுழியோடிகளே அங்கு இறங்குவர். அவர்களுக்கும் அடியில் கிடைப்பது சொற்ப நேரமே.

இப்படியான வேலைகளுக்கு இன்று தானாக இயங்கும் ஆளில்லா நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. ஆர்ஜென்டினாவின் சான் ஜுவான் நீர்மூழ்கிக் கப்பலை 2018 இல் சுமார் 900 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடித்தவை இவைதான். ஆனால் பற்றரி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. பற்றரியைப் பெரிதாக்கினால் இயந்திரமும் பெரிதாகும், செலவும் கூடும். எனவே பொறியியலாளர்கள் பாதையைத் திட்டமிடுகிறார்கள். பொருளின் எல்லாப் பக்கமும் தெரிய எந்தெந்த இடங்களில் நின்று படம் எடுக்க வேண்டும்? அவ்விடங்களுக்கு எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? இரண்டுக்கும் விடை கண்ட பிறகே இயந்திரம் தண்ணீரில் இறங்குகிறது.

இரண்டாவது கேள்விக்குக் கணிதத்தில் உள்ள பெயர் 'பயண விற்பனையாளர் பிரச்சினை'. அதாவது, அது நம்முடைய பிரச்சினை! பத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுத் திரும்ப 36 இலட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் உண்டு. கணினியும் அத்தனையையும் பார்ப்பதில்லை. ஒரு வரிசையைப் போட்டு, ஒன்றையொன்று வெட்டும் பாதைகளை மாற்றி மாற்றிச் சீர்செய்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? காத்தான்குடியிலிருந்து புறப்படும் வேன், முதலில் போன் பண்ணியவருக்காக ஏறாவூர் போகிறது. பிறகு களுவாஞ்சிக்குடி. மாலையில் மறுபடியும் வாழைச்சேனை. ஒரே நாளில் கல்லடிப் பாலத்தை நான்கு தடவை கடக்கிறோம். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பின்னும், கொக்கட்டிச்சோலைக்குப் பழைய சுற்றுவழியில் போகும் சாரதிகள் இருக்கிறார்கள்.

2022 இல் கியூ.ஆர். கோட்டாவில் டீசல் எடுத்தபோது எல்லோரும் கணக்குப் பார்த்தோம். வரிசை நீங்கியதும் கணக்கையும் மறந்துவிட்டோம். வியாபாரம் போதவில்லை என்று இன்னொரு வேனுக்கு லீசிங் எடுப்பவர்கள், இருக்கும் வேன் வெறுமனே ஓடும் மைல்களை முதலில் எண்ணட்டும்.

இதற்குக் கணினி தேவையில்லை, ஒரு கொப்பி போதும். ஒரு வாரம் போன இடம், நேரம், மீற்றர் கணக்கு மூன்றையும் சாரதி எழுதட்டும். எந்தக் கடை எப்போது திறக்கும், ஜும்ஆவுக்கு எப்போது பூட்டும் என்பதையும் சேருங்கள். வடக்குக்கு ஒரு நாள், தெற்குக்கு ஒரு நாள் என்று பிரித்து வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் சொன்ன நாளில் சரக்கு வந்தால் அவர்களே பழகிவிடுவார்கள்.