தடம் படித்தவர் பெயர் அறிக்கையில் எங்கே?

பங்குனி ஆமை இரவில் கரையேறிவிட்டுப் போனால், டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல மணலில் ஒரு தடம் கிடக்கும். ஆமை வந்திருக்கிறது என்று சொல்ல அதுவே போதும். கற்றவர்கள் அதோடு நிற்பதில்லை. துடுப்புப் பள்ளங்கள் இடமும் வலமும் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை, இரண்டும் நேருக்கு நேர் விழுந்திருந்தால் பேராமை. துடுப்பு மணலைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால் ஏறிய தடத்தையும் இறங்கிய தடத்தையும் பிரித்துவிடலாம். ஏறிய தடத்தின் அடிப்பகுதியை அலை அழித்திருந்தால், நீர் முழுதாக ஏறுவதற்கு முன்பே ஆமை வந்துவிட்டது. மேலே மணல் கிளறி வாரியிறைத்த அடையாளம் இல்லையென்றால் முட்டையிடாமலே திரும்பியிருக்கக்கூடும். பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களில் விடியலில் கரைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவது இப்படிப்பட்ட ஒரு பதிவேடு. அதை எழுத்தறிவுக்குச் சமமான அறிவாக நடத்த வேண்டும். அதைப் படிக்கிறவருக்குக் கூலியும், ஆய்வறிக்கையில் பெயரும் தர வேண்டும்.

கரையை விட்டுப் பழவேற்காடு ஏரிக்குள் போனால் இந்தப் பாடம் இன்னும் நுணுக்கமாகிறது. பழவேற்காடு முதல் எண்ணூர் வரையுள்ள உப்பங்கழிகளில் இருளர் பழங்குடியினர் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மற்ற மீனவர்களில் சிலருக்கு முறைவைத்து மீன்பிடி இடம் ஒதுக்கும் ‘பாடு’ முறையில் இவர்களுக்குப் பங்கில்லை. வலையும் படகும் செய்யும் வேலையைக் கையும் கண்ணும்தான் செய்தாக வேண்டும். வளையின் வாயில் ஈரச்சேறு புதிதாகத் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. சிலந்தி நூல் படிந்திருந்தால் கையை விட வேண்டியதில்லை. பூநாரை காலால் சேற்றைக் கலக்கி இரை தேடிய இடத்தில் வட்ட வட்டமாகக் குழிகள் நிற்கும்; பறவை பறந்துபோன பிறகும் அது எங்கே மேய்ந்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் பிறவிக் குணம் என்று புகழ்வது ஒருவகைத் தட்டிக்கழிப்புதான். தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் லீபன்பெர்க், கலஹாரி வேட்டைக்காரர்களோடு பழகி 1990இல் எழுதிய நூலில், தடம் தேடுவதையே அறிவியலின் தொடக்கமாகக் காண்கிறார். ஊகித்து, அடுத்த தடத்தில் அந்த ஊகத்தைச் சோதித்து, தவறினால் திருத்திக்கொள்ளும் முறை அது. அங்கே தடம் படிப்பவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள்.

நம் ஊர்ச் சான்று இதைவிட நெருக்கமானது. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோலுக்காகப் பாம்பைத் தேடிய அதே திறமை, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கும் தொழிலாக மாறியது. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள். அறிமுகமே இல்லாத நாடு, அதுவரை தேடியிராத பாம்பு. ஆக, அவர்கள் கொண்டுபோனது இடத்தின் மனப்பாடமல்ல, அடையாளம் படிக்கும் முறை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. விருது நல்லதுதான், ஆனால் அடுத்த தலைமுறைக்குப் பாடத்திட்டமாகிவிடாது.

புலிக் கணக்கு என்னாயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1972 முதல் காலடித் தடத்தை வைத்தே புலிகளை எண்ணினோம். சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் வெளிப்பட்டபோது அந்த முறையின் மானம் போனது. தடங்களின் வேறுபாட்டைத் தனித்தனிப் புலிகளாக்கிக் கணக்குக் காட்டினார்கள். அதைச் சரிபார்க்க வேறு வழி வைக்கவில்லை. தடத்தால் தாங்க முடியாத சுமையை அதன் மேல் ஏற்றிய பிழை அது. கேமரா வந்தபிறகும் கணக்கெடுப்பின் முதல் கட்டமாக வனக்காவலர்கள் நடந்து போய்த் தடம், எச்சம், கீறல்களைப் பதிவு செய்கிறார்கள். பழவேற்காட்டிலும் தடம் படிப்பவர் சொல்வதைக் கேமராவோடும் தொலைநோக்கியோடும் ஒப்பிட்டுச் சோதிக்கட்டும். தேறாதவருக்குச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற ஒரு திட்டத்துக்கு முகத்துவாரமும் உப்பும் பறவைகளும் பருவத்துக்குப் பருவம் மாறும் ஏரியை ஆராயும்போது, சில நாள் வந்துபோகும் நிபுணர் காணாததை ஆண்டு முழுவதும் சேற்றில் நிற்பவர் கண்டிருப்பார். அவரைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மனு கொடுப்பவராக மட்டுமே நிறுத்துவது ஆய்வுக்குத்தான் நட்டம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: இருளர் பிள்ளைகளை மீண்டும் சேற்றிலேயே நிறுத்தப் பார்க்கிறீர்களா? குலத்தொழிலின் கசப்பு தெரிந்த மண்ணில் இந்தச் சந்தேகம் எழாவிட்டால்தான் வியப்பு. அதனால்தான் இதை ஒரு சாதியின் சொத்தாக்காமல், பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்துப் பிள்ளையும் ஜமீலாபாத்துப் பிள்ளையும் இருளர் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கும் பாடமாக வைக்க வேண்டும். இருளர் பிள்ளை அதைப் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போகட்டும். அந்த வகுப்பில் கற்றுக்கொடுக்கும் இருளப் பெண்ணுக்கு மட்டும், பள்ளியின் மற்ற ஆசிரியர்களைப் போல மாதாமாதம் சம்பளம் வர வேண்டும்.