சரக்கு இறங்கலாம், ஆள் இறங்கக் கூடாதா?

2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட ‘டாலி’ என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து ஒரு பாலத்தில் மோதியது. பாலத்தின்மேல் சாலைப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆறு பேரும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கப்பலின் மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர்.

கப்பலிலிருந்து போன அபாயச் செய்தியால் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்த முடிந்தது என்று அமெரிக்க அதிபர் பாராட்டினார். நமக்குப் பெருமை. அந்த மாலுமிகளைக் கோவணத்தோடு வரைந்து ஒரு கார்ட்டூன் வந்தது. நமக்குக் கோபம். இரண்டும் சரிதான். ஆனால், மே 20இல் கப்பலை மிதக்கவைத்து இழுத்துச் செல்லும்வரை எட்டு வாரம் அவர்கள் அதிலேயே கிடந்தார்கள். செல்பேசிகளை எப்.பி.ஐ. வாங்கிக்கொண்டது. கப்பல்மேல் கிடந்த பாலத்தின் இரும்பை மே 13இல் வெடிவைத்துத் தகர்த்தபோதுகூட அவர்களைக் கீழே இறக்கவில்லை. விசாரணை ஒரு காரணம். விசா இல்லை, கரையிறங்கும் பாஸ் இல்லை என்பது இன்னொரு காரணம். இதற்கு அந்தக் கோபம் எங்கே போயிற்று?

பாதுகாப்பு என்பார்கள். கப்பல் வருவதற்கு 96 மணி நேரம் முன்பே ஒவ்வொரு மாலுமியின் பெயரும் பாஸ்போர்ட் விவரமும் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குப் போய்விடுகிறது. கையில் எத்தனை சிகரெட், எத்தனை மதுப்புட்டி என்பதுவரை சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இத்தனை தெரிந்த பிறகும் என்ன பயம்?

சட்டம் எல்லோருக்கும் பொது என்பார்கள். ஜெர்மன் மாலுமிக்கும் விசா வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையில்தான் விஷயமே இருக்கிறது. அதே ஜெர்மன்காரர் சுற்றுலா போனால் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆள் ஒருவர், பாஸ்போர்ட் ஒன்று. கப்பலில் வேலை செய்துகொண்டு வந்தால் மட்டும் சந்தேகத்துக்குரியவர். உழைப்பு வேண்டும், உழைத்தவன் வாசலோடு நிற்கவேண்டும். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதைச் சாதி என்று நான் சொல்லவில்லை, சாதி வேறு. ஆனால் சாதியை எதிர்ப்பவர்களுக்கு இதன் சாயல் தெரியாமல் போனால் நம் படிப்பில்தான் கோளாறு.

இது புதிதுமல்ல. சுயமரியாதை இயக்கம் பிறந்த அதே 1925இல் பிரிட்டன் ‘நிறமுள்ள அந்நிய மாலுமிகள்’ மீது ஓர் ஆணை போட்டது. போலீசில் பதிவு செய்யவேண்டும். கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் பிரிட்டிஷ் குடிமக்களாகவே இருந்த இந்தியரையும் ஆப்பிரிக்கரையும்கூட அந்நியர் பட்டியலில் சேர்த்தார்கள். என்னை உறுத்தியது அரசு அல்ல. வெள்ளை மாலுமிகளின் தொழிற்சங்கமும் கறுப்பு, ஆசிய மாலுமிகளை விரட்டக் கோரிக்கொண்டிருந்தது. தொழிலாளர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பதைப் பற்றி அம்பேத்கர் எழுதியதைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

மாலுமி கரையிறங்க விசா கேட்கக்கூடாது என்று சர்வதேசக் கடல் போக்குவரத்து விதியே இருக்கிறது. மாலுமிகளின் அடையாள ஆவணம் பற்றிய 2003ஆம் ஆண்டு ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. முகப்பதிவோடு அட்டையும் கொடுக்கிறது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. வர்த்தக ஒப்பந்தம் பேசப்போகும் இந்திய அமைச்சர்கள் எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று பைசா கணக்காகப் பேரம் பேசுகிறார்கள். அந்தச் சரக்கை ஏற்றிச் செல்பவர் துறைமுக வாசலைத் தாண்டி ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்பதையும் அதே மேசையில் கேளுங்கள்.