புனிற்றாவைக் காத்தல்

தமிழிலே 'புனிறு' என்றொரு பழஞ்சொல் உண்டு. ஈன்ற அணிமையைக் குறிப்பது அது. தொல்காப்பியனார் உரியியலிலே அதற்குப் பொருள் வகுத்துள்ளார். அண்மையிற் கன்றீன்ற பசுவைப் 'புனிற்றா' என்று நம் முன்னோர் வழங்கினர். இச்சொல்லை வகுப்பிலே முதன்முதற் கற்றபொழுது, ஈன்று சின்னாட்களே ஆன பசுவுக்குத் தனிப்பெயர் ஒன்று எதற்கு என்று யாம் வியந்ததுண்டு. பசு என்றும் பசுதானே; ஈன்ற வாரத்திற்கு மட்டும் ஒரு பெயர் ஏன்? இவ்வினாவிற்கு விடை எமக்கு நூல்நிலையத்திற் கிட்டவில்லை. எம் வீட்டுத் தொழுவத்திலேதான் கிட்டியது. அது கிட்டிய வகை துன்பமானது.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், எம் வீட்டுக் கலப்பினப் பசு நள்ளிரவிற் கிடாரிக் கன்றொன்றை ஈன்றது. கன்று எழுந்து நின்று மடியைத் தேடியது. எம் பாட்டியார், "இளங்கொடி விழுமட்டும் கன்றை மடியண்டை விடாதே, தம்பி" என்றார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுவே வழக்கம். யாமும் கன்றைப் பிடித்து அப்பாற் கட்டினோம். இரவு கழிந்தது, இளங்கொடி விழவில்லை. மறுநாட் பிற்பகலில், இவற்றிற் பழகியவர் என ஊரார் மதிக்கும் ஒருவர் வந்து கையாற் பிடித்து இழுத்து அதனை எடுத்தார். அதன் பின்னரே பால் கறக்கப்பட்டது. சீம்பால் அண்டை வீடுகளுக்கெல்லாம் சென்றது, எஞ்சியது கன்றுக்கு. நான்காம் நாள் கன்று கழியத் தொடங்கிற்று; ஆறாம் நாள் மடிந்தது. பசுவின் கருப்பையிற் சீழ் வைத்தது. பன்முறை சினையூசி போட்டும் அது சினைப்படவில்லை. ஒன்றரை ஆண்டு சென்றபின் மாட்டுத் தரகர் ஒருவரிடம் அதனை விற்றோம். கண்ணேறு என்றனர் சிலர். தலைவிதி என்றனர் சிலர். யாமும் அங்ஙனமே நம்பியிருந்தோம்.

கண்ணேறுமன்று, தலைவிதியுமன்று என்பதை இன்று அறிவோம். ஆராய்ச்சியாளர் பலர் இந்நூறாண்டிற் கண்டு சொன்னவற்றைக் கேட்டிருந்தோமாயின், அக்கன்று பிழைத்திருக்கக்கூடும். அப்பசுவும் எம் தொழுவத்தை விட்டுப் போகாதிருந்திருக்கக்கூடும். ஆதலின் அவற்றை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

முதலாவது, தாயின் செய்தி. கருவில் வளரும் கன்று பாதி தாயினது; பாதி தந்தையினது. தந்தைவழி வந்த பகுதி தாயின் உடலுக்கு அயற்பொருளே. அயற்பொருளை எதிர்த்தழிப்பது உடலின் இயல்பாயிருக்க, ஏறக்குறைய 280 நாள் அதனைப் பொறுத்துக் காப்பது எங்ஙனம்? பாலூட்டிகள் அனைத்திற்கும் உரிய இவ்வினாவை 1953-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு உயிர்நூலறிஞர் பீட்டர் மெடவார் தெளிவுபட எழுப்பினார். சினைக்காலத்திற் பல வழிகளால் அவ்வெதிர்ப்பு அடங்கியிருக்கின்றது என்பது பின்வந்தோர் கண்ட விடை. ஆனால் கன்று வெளிவந்தவுடன் நிலைமை தலைகீழாக மாறவேண்டும். இனி வேண்டாத நஞ்சுக்கொடியை உடல் அயலென்று அறிந்து கழற்றித் தள்ளவேண்டும். அவ்வாறு தள்ளுதற்கு இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் துணைபுரிகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஐயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலுள்ள அரசாங்கக் கால்நடை நோய் ஆய்வகத்தார் 142 பசுக்களை ஈனுதற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து, 2002-இல் தம் முடிபை வெளியிட்டனர். அவற்றுள் 20 பசுக்களுக்கு நஞ்சுக்கொடி விழாது தங்கிற்று. அந்த 20 பசுக்களின் வெள்ளணுக்கள், ஈனுதற்கு முன்னரே ஏனையவற்றினும் ஆற்றல் குன்றியிருந்தன. ஈன்றபின் ஓரிரு வாரம் வரையிலும் அக்குறை நீடித்தது. தாயும் கன்றும் திசுவின் அடையாளத்தில் மிக ஒத்திருந்தால், நஞ்சுக்கொடி தங்குதல் மிகுதி என 1991-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளரும் கண்டனர். அயலென்று அறியாவிடில் தள்ளுதல் எங்ஙனம் இயலும்? எனவே இளங்கொடி விழாமை பெரும்பாலும் அன்றிரவு தோன்றிய இடரன்று. முன்னரே குன்றிய நோயெதிர்ப்பு ஆற்றலின் அடையாளம் அது. அங்ஙனமிருக்க, அதனை வலிந்து இழுப்பது புண்பட்ட கருப்பைக்குள் நோய்க்கிருமிகளை நாமே கொண்டு சேர்ப்பதாகும். சில ஊர்களில் அதன் நுனியிற் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் அத்தகையதே.

இரண்டாவது, கன்றின் செய்தி. மக்கட்குழவி தாயின் வயிற்றிலிருக்கும்பொழுதே நோயெதிர்ப்புப் பொருள்களைத் தாயின் குருதியிலிருந்து பெற்றுக்கொள்கின்றது. பசுவின் நஞ்சுக்கொடியோ அவற்றைக் கடத்தும் அமைப்புடையதன்று. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கின்றது. அதற்கு வேண்டிய எதிர்ப்புப் பொருளனைத்தையும் சீம்பாலிலே செறித்து வைத்திருக்கின்றது இயற்கை. கன்றின் குடல் அவற்றை முழுமையாக உட்கொண்டு குருதியிற் சேர்க்கும் வாயில் சின்னேரமே திறந்திருக்கும். பிறந்த மணி முதல் அது சுருங்கிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதன்பின் குடம் குடமாய்ச் சீம்பால் ஊட்டினும் அப்பொருள் குருதியை அடையாது. 1922-ஆம் ஆண்டிலேயே தியோபால்ட் ஸ்மித், ரால்ப் லிட்டில் என்னும் இருவர் இதன் பயனைச் சோதித்துக் காட்டினர். சீம்பால் உண்ட கன்றுகள் பிழைத்தன; உண்ணாதவற்றுட் பெரும்பாலானவை மாண்டன. பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தொடங்கி, கன்றின் எடையிற் பத்திலொரு பங்கு சீம்பாலை முதல் நாளில் ஊட்டவேண்டும் என்பர். 30 கிலோ எடையுள்ள கன்றாயின் அது மூன்று லிட்டர்.

எம் வீட்டார் செய்ததை இதனோடு ஒப்பிடுக. இளங்கொடி விழும்வரை காத்திருந்தமையால் அவ்வாயில் பெரிதும் அடைபட்டுப்போயிற்று. இன்னுமொன்று: கன்று மடியை முட்டிப் பாலுண்ணும்பொழுது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு பெருகுகின்றது, அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். இளங்கொடி வெளிப்படுதற்குத் துணையாக வல்லதையே நாம் விலக்கி வைத்தோம்.

மூன்றாவது, இவ்விரண்டிற்கும் முன்னே நிகழவேண்டுவது. ஈனுதற்கு ஏறக்குறைய இரண்டு மாதத்திற்கு முன்னரே கறவையை நிறுத்திப் பசுவுக்கு ஓய்வளித்தல் வேண்டும். ஈன்றபின் பால் பெருகும். உண்ணும் தீனியோ அதற்கு ஈடாகாது. பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகின்றது. குருதியிலுள்ள சுண்ணச் சத்தும் பாலிற் செல்லுகின்றது. கரைந்த கொழுப்பின் மிகுதியும் சுண்ணச் சத்தின் குறைவும் வெள்ளணுக்களைத் தளர்த்துகின்றன. தளர்ந்த காவலர்களையுடைய கருப்பையிற் கிருமிகள் குடிபுகுகின்றன. ஆண்டுக்கொரு கன்று வேண்டுவோர் ஒரு கணக்கு அறிதல் நன்று: 365 நாளிற் சினைக்காலம் 280 போக எஞ்சுவது 85 நாளே. அதற்குள் கருப்பை ஆறிப் பசு மீண்டும் சினையாகவேண்டும். புனிற்று நாட்களிற் பிடித்த நோயே பின்னாளில் மலடெனப் பழி சுமத்தப்படுகின்றது. ஆகவே அடர்தீவனமும் தாது உப்பும் மருத்துவர் சொல்லும் அளவில் முன்னரே கொடுத்தல் செலவன்று, காப்பு.

இதனை மறுப்போர் உளர். "எங்கள் பாட்டனார் காலத்துப் பசுக்கள் இவையெல்லாம் இன்றி ஈனவில்லையா?" என்பர். ஈன்றன, ஆனால் அவை நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டரே கறந்தன. நாம் இன்று வளர்ப்பவை பெரும்பாலும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள். பாலை மட்டும் கருதித் தெரிந்தெடுத்து வளர்த்தால் நேர்வதை மேல்நாட்டார் தாமே பட்டறிந்தனர். அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பாலளவு ஏற ஏறப் பசுக்களின் சினைப்படும் ஆற்றல் குன்றி வந்தது. அதன்பின் 2003-இல் அவ்வாற்றலையும் காளைகளின் மதிப்பீட்டிற் சேர்த்தனர். நார்வே நாட்டார் 1970-களிலேயே பசுக்களின் நோய்க் குறிப்புகளை நாடெங்கும் பதிந்து, நலத்தையும் சேர்த்தே இனந்தேர்ந்தனர். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தார் நோயெதிர்ப்பு ஆற்றல் மிக்க மாடுகளைக் கண்டறியும் முறையை வகுக்க, 2012 முதல் அவ்வாற்றல் மிக்க காளைகளின் விந்து விற்பனைக்கு வந்தது. அவர்கள் பாலை இகழவில்லை. பாலைத் தரும் உடலை மதிக்கக் கற்றனர். நாமோ அதிகம் கறக்கும் பசுவுக்கே இன்றும் பரிசளிக்கின்றோம். ஆண்டுதோறும் நோயின்றி ஈன்று கன்றைக் காத்த பசுவுக்குப் பரிசு கொடுத்ததை எம் ஊரில் யாம் கண்டதில்லை.

"ஏழைக் குடியானவனுக்குத் தாது உப்பு வாங்கப் பணமேது?" என்று கேட்போர் கேள்வி இதனினும் கனமானது. அதற்கு யாம் எளிதில் விடைகூற இயலாது. ஆயினும் மேற்கூறியவற்றுள் இரண்டு செயல்களுக்குக் காசு வேண்டுவதில்லை. கன்றை மடியிற் சேர்த்தற்குக் காசு வேண்டா. இளங்கொடியை இழாதிருத்தற்கும் காசு வேண்டா. 12 மணி நேரம் கடந்தும் அது விழாவிடின் கால்நடை மருத்துவரை அழைத்தால் போதும். சீம்பாலை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துண்ணும் அன்பு நல்லதே. கன்றின் பங்கு போக மிஞ்சியதைப் பகிர்க. மந்தையைக் கடிது ஓட்ட வேண்டுமென்று வந்தபொழுது, பாலூட்டும் ஆடுமாடுகள் தன்னிடம் உள, ஒருநாள் விரட்டினும் அவை மாளும் எனத் தமையனிடம் மறுத்துரைத்த யாக்கோபை நம் வேதம் காட்டுகின்றது. ஏட்டறிவில்லாத அந்த இடையன் அறிந்ததை நாம் மறக்கலாமா?

தமிழ் மாணவருக்கு இவ்வாராய்ச்சி ஏன் என்று எம் தோழர் சிலர் நகைத்தனர். அவர்க்கு இதுவே விடை: மேற்கூறியவற்றுட் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆய்வேடுகளில் உறங்குகின்றது. எம் பாட்டியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் கொடியவரல்லர், எவரும் அவர்க்குச் சொல்லவில்லை, அவ்வளவே. 1903-ஆம் ஆண்டு முதல் சென்னையிற் கால்நடை மருத்துவக் கல்லூரி நிலவுகின்றது. அங்கே கற்றோர் அறிவர். அவர் அறிந்ததற்கும் எம் தொழுவத்திற்கும் இடையிலுள்ள தூரத்தை மொழிதான் கடக்கவேண்டும். புனிறு, சீம்பால், இளங்கொடி, சினை, ஈற்று என்னும் சொற்கள் நம்மிடம் ஆயத்தமாயிருக்கின்றன. பொருளைச் சேர்ப்பதே எஞ்சிய வேலை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் சென்று பாதையைச் செப்பனிடுகின்றனர். அடுத்த முறை செல்வோர், ஒரு மாலையேனும் தொழுவங்களிலே நின்று இவ்விரண்டு செய்திகளைச் சொல்லி வருவாராக. முந்திய மாணவருள் கால்நடை மருத்துவராய் உள்ளோர் உடன்வந்து வழிகாட்டுவாராயின் மிக நன்று.

சென்ற தைத்திங்களில் எம் வீட்டில் மற்றொரு பசு ஈன்றது. பாட்டியார் வழக்கம்போற் கயிற்றை எடுத்தார். யாம் நிகழ்ந்ததையெல்லாம் நினைவூட்டி, கற்றதையும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீ படித்தவன், தம்பி, பார்ப்போம்" என்று கயிற்றைக் கீழே வைத்தார். கன்று உண்டது. விடியுமுன் இளங்கொடியும் தானே விழுந்தது. அதனை வைக்கோலிற் சுற்றி, முறைப்படி ஆலமரத்திற் கட்டிவிட்டு வந்தார் பாட்டியார். அந்த வழக்கத்தை யாம் மறுக்கவில்லை. அதனால் கன்றுக்குக் கேடொன்றும் இல்லை.