பாம்பின் மீது ஒரு பொய் வழக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் டீமின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியைப் போட்டேன். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கருப்புப் பாம்பை நிறுத்திவைத்து அதன் வாலை ஊதிக்கொண்டிருப்பார். பாம்பு என்றால் உவமைக்குச் சொல்லவில்லை. எட்டடி நீளக் குழாய், நாலைந்து வளைவு, மேலே கருப்புத் தோல். பெயரே செர்பன்ட். அதிலிருந்து வந்த சத்தத்துக்குக் கீழே நான் எழுதியது: ‘ஞாயித்துக்கிழமை மட்டன் பிரியாணிக்கு அப்புறம் எங்க மாமா.’ பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த வாரம் நான் செய்த எந்த வேலைக்கும் அத்தனை பாராட்டு கிடைக்கவில்லை.

அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அது என் சொந்தச் சிரிப்பு கூட இல்லை. இருநூற்றைம்பது வருடங்களாகக் கைமாறி வந்த பழைய சரக்கு. செர்பன்ட் என்று எங்கே தேடினாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கன்றுக்குட்டிதான். சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் ஐரோப்பா முழுக்கச் சுற்றி ஊர் ஊராகப் பாட்டுக் கேட்டு எழுதிவைத்தவர். ஆன்ட்வெர்ப் தேவாலயத்தில் செர்பன்டைக் கேட்டுவிட்டு, பசியெடுத்த, இல்லையில்லை, கோபம் வந்த எஸ்ஸெக்ஸ் கன்றுக்குட்டி கத்துவதுபோல இருக்கிறது என்று 1773-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார். நல்ல நக்கல். அதற்குப் பிறகு செர்பன்டைப் பற்றி எழுதிய பாதிப் பேர் இந்தக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து தங்கள் கட்டுரையில் கட்டியிருக்கிறார்கள்.

அதே பர்னி அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1771-இல், பிரான்ஸ் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சொன்னதை யாரும் அவிழ்த்துக்கொண்டு வருவதில்லை. லீல் நகரத்துத் தேவாலயத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறார்: இந்த வாத்தியத்தைப் பெரும்பாலும் மோசமாக வாசிக்கிறார்கள், அளவுக்கு மீறி ஊதுகிறார்கள். ஆனால் பக்குவமாக வாசித்தால் இது ஆர்கனைவிட நன்றாகக் குரலோடு கலக்கிறது. சத்தத்தை நுணுக்கமாக ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. மனிதக் குரலுக்கு மட்டுமே கைவரும் சுத்தமான சுருதியை, ஆர்கன் தன் ஒப்பேற்றிய சுருதியால் கெடுப்பதுபோல, இது கெடுப்பதில்லை. அவர் சொன்னதன் சாரம் இது.

ஒரே ஆள், ஒரே காது. முதலில் சொன்னது வாத்தியத்தைப் பற்றி, இரண்டாவது சொன்னது வாசித்தவரைப் பற்றி. வரலாறு இரண்டாவதை எடுத்து வாத்தியத்தின் கழுத்தில் மாட்டிவிட்டது. நீதிமன்றமாக இருந்தால் இந்த வழக்கு முதல் நாளே தள்ளுபடி.

சரி, அது என்னதான் பொருள்? வால்நட் மரத்தை இரண்டு பாதியாக, வளைந்த வாய்க்கால் மாதிரிக் குடைந்து, இரண்டையும் ஒட்டி, மேலே துணியும் தோலும் சுற்றுவார்கள். ஒரு முனையில் விரல் தடிமன் ஓட்டை, மறுமுனையில் உள்ளங்கை அகலம். மேலே ஒரு பித்தளைக் குழாய், அதன் நுனியில் தந்தத்திலோ கொம்பிலோ செய்த சின்னக் கிண்ணம். நாதஸ்வரம் மாதிரிச் சீவாளி கிடையாது. ட்ரம்பெட் மாதிரி உதட்டை அந்தக் கிண்ணத்தில் வைத்து அதிரவிட வேண்டும். ட்ரம்பெட் மாதிரி உலோகமும் கிடையாது, புல்லாங்குழல் மாதிரித் துளைகள் உண்டு. மொத்தம் ஆறு, மும்மூன்றாக இரண்டு கூட்டம். உதடு பித்தளைக்காரனுடையது, விரல் குழல்காரனுடையது, உடம்பு மரம். எந்தக் குடும்பத்துக் கல்யாணத்திலும் எங்கே உட்காரவைப்பது என்று தெரியாத உறவுக்காரன்.

1590 வாக்கில் பிரான்சின் ஓசேர் நகரத்தில் எட்மே கியோம் என்ற தேவாலயக் குரு இதை உருவாக்கினார் என்பது கதை. இதை எழுதிவைத்த அபே லெபோஃப் எழுதியது 1743-இல், அதாவது நூற்றைம்பது வருடம் கழித்து. எனவே கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். இத்தாலியில் ஏற்கெனவே இருந்த கார்னெட் என்ற மரக்குழல் வகையின் பெரிய அண்ணன்தான் இது என்று சொல்பவர்களும் உண்டு. பிறந்த இடம் எதுவானாலும் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சந்தேகமில்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்கத் தேவாலயங்களில், ப்ளெய்ன்சான்ட் என்கிற ஒற்றை மெட்டு வழிபாட்டுப் பாடலைப் பாடும் ஆண்குரல்களுக்குக் கீழே நின்று தாங்குவதுதான் அதன் வேலை.

என்னைப் போன்ற பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கல்லால் கட்டிய பெரிய மண்டபம், எதிரொலி அடங்கவே பல நொடி ஆகும். பத்துப் பதினைந்து பேர் பாடுகிறார்கள், நீளமான பாட்டு, சுருதி மெல்ல மெல்ல இறங்கிவிடும். அதை இறங்கவிடாமல் பிடிக்க வேண்டும், அதே சமயம் குரலை மூடிவிடக் கூடாது. பாடகர்கள் கொஞ்சம் சாய்ந்தால் கூடவே சாய்ந்து மெதுவாகத் தூக்கி நிறுத்த வேண்டும். ஊர்வலம் போனால் கூடவே நடக்க வேண்டும், ஆர்கனால் நடக்க முடியாது. ரெக்வயர்மென்ட் இதுதான். இதற்கு ஒருவன் போட்ட டிசைன்தான் செர்பன்ட்.

அந்தத் துளைகளைப் பற்றி நிறையக் கேலி உண்டு. ஒலியியல் கணக்குப்படி துளை இருக்க வேண்டிய இடம் வேறு. செர்பன்டில் அவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. எட்டடிக் குழாயில் கணக்குப்படி துளை போட்டால் விரல் எப்படி எட்டும்? போதாக்குறைக்குக் குழாயின் அகலத்துக்கு அவை மிகச் சின்னவை. அதனால் ஒரு துளையைத் திறந்தால் ஸ்வரம் டக்கென்று மாறி நிற்காது. ‘ஏறக்குறைய இங்கே’ என்று கை காட்டும், அவ்வளவுதான். மீதியை உதடுதான் முடிவுசெய்ய வேண்டும். ஒரே விரல் வைப்பில் இரண்டு மூன்று ஸ்வரம் வாசிக்கலாம். இரண்டரை ஸ்தாயிக்கு மேல் போகும், ஆனால் ஒவ்வொரு படியையும் காதால் கண்டுபிடித்துத்தான் ஏற வேண்டும்.

இதைத்தான் பிழை என்கிறார்கள். பர்னி லீல் நகரில் பாராட்டியது வேறு எதை என்று நினைக்கிறீர்கள்? ஸ்வரத்தைப் பூட்டி வைக்காததால்தான் அதனால் குரல் போகிற இடத்துக்கெல்லாம் போக முடிந்தது. சாவியும் வால்வும் வைத்து ஸ்வரத்தை ஆணியடித்த வாத்தியத்தால் அது முடியாது. அதன் ஒலியும் அப்படித்தான். பித்தளையின் பளிச்சென்ற விளிம்பு கிடையாது. மரத்துக்குள் ஒருவர் வாயை மூடிக்கொண்டு ஹம் செய்கிற மாதிரி, கொஞ்சம் மூச்சு, கொஞ்சம் தோல். மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-இலேயே எழுதிவைத்திருக்கிறார்: பதினைந்து வயதுப் பையன் வாசித்தாலும் இருபது பலமான குரல்களைத் தாங்கும், வேண்டுமானால் சின்ன அறையின் மென்மையான இசைக்கும் அடங்கிப் போகும் என்று. அவர் காதில் கன்றுக்குட்டி எதுவும் விழவில்லை.

அப்புறம் ஏன் பெயர் கெட்டது? என் அபிப்பிராயம் இது: கற்றுக்கொடுக்கிற ஏற்பாட்டை உடைத்துவிட்டு, கற்காதவனைக் காட்டி வாத்தியத்தைத் திட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது கதீட்ரல்களின் குருமன்றங்கள் கலைக்கப்பட்டன. சிறுவர்களுக்குப் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுத்த தேவாலயப் பள்ளிகள் மூடப்பட்டன. அங்கேதான் செர்பன்ட் வாசிப்பவர்கள் உருவானார்கள், அங்கேதான் அவர்களுக்குச் சம்பளமும் இருந்தது. 1795-இல் தொடங்கிய பாரிஸ் கன்சர்வடோரியில் ஆரம்பத்தில் செர்பன்ட் வகுப்பு இருந்தது, சில வருடங்களில் அதையும் எடுத்துவிட்டார்கள். காது முழுக்க முழுக்க வேலை செய்ய வேண்டிய ஒரு வாத்தியத்திடமிருந்து காதைப் பழக்கும் இடத்தைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? கன்றுக்குட்டிதான் மிஞ்சும்.

அடுத்த தலைமுறையில் வந்தார் பெர்லியோஸ். வாத்தியங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1844-இல் வந்தது. அதில் செர்பன்டைக் காட்டுமிராண்டித்தனமான ஒலி என்றும், கத்தோலிக்க வழிபாட்டைவிட ட்ரூயிட் பூசாரிகளின் ரத்தப் பலிக்குத்தான் பொருந்தும் என்றும் போட்டுத் தாளித்திருக்கிறார். ஒரே ஒரு விலக்கு: இறந்தவர்களுக்கான பூசையில் தியேஸ் ஈரே மெட்டைக் கூடவே வாசிக்கும்போது மட்டும் அந்தச் சில்லிட்ட ஊளை பொருந்துமாம். இதே பெர்லியோஸ் 1830-இல் தன் சிம்பொனி ஃபன்டாஸ்டிக்கின் கடைசிப் பகுதியில் தியேஸ் ஈரேயைக் கொண்டுவந்தபோது முதலில் யாரை அழைத்தார் தெரியுமா? செர்பன்டையும் ஒஃபிக்ளைடையும். பின்னால்தான் செர்பன்டை எடுத்துவிட்டு இரண்டும் ஒஃபிக்ளைட் ஆனது. தேவாலயத்துச் சாவுப் பூசையின் மணம் தேவைப்பட்டபோது கூப்பிட்டார், வேலை முடிந்ததும் ‘காட்டுமிராண்டி’ என்றார். பெரிய இசையமைப்பாளர், ஒத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் அவர் நடந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹாண்டல் 1749-இல் வாணவேடிக்கைக்கான இசையை எழுதும்போது செர்பன்டைச் சேர்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் பிரதியில் அடித்துவிட்டார். செர்பன்டின் சில ஸ்வரங்கள் நிஜமாகவே மொண்ணை, பக்கத்து ஸ்வரத்தோடு ஒட்டவே ஒட்டாது. வேகமான வாசிப்புக்கு லாயக்கில்லை. வெட்டவெளியில், ராணுவ பேண்டில், பித்தளைகளுக்கு நடுவே நிறுத்தினால் ஒன்று அமுங்கும், இல்லை உயிரைக் கொடுத்து ஊதிக் கத்தும். உண்மைதான். பாட்டுக்குத் துணை நிற்க வைத்திருந்தவனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுக் கத்துகிறான் என்றால் எப்படி?

என் நண்பன் ஒருவன், கீபோர்ட் வாசிப்பவன், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “நல்லதா இருந்திருந்தா நிலைச்சிருக்குமேடா. ட்யூபா வந்துச்சு, தூக்கிச் சாப்டுச்சு. அவ்ளோதான்.” இதுதான் நான் உண்மையில் சண்டை போட நினைக்கும் வாக்கியம். எங்கள் தொழிலில் இதை நாங்கள் தினமும் சாமி கும்பிடுகிற மாதிரி சொல்கிறோம். புதியது வந்தது, எனவே பழையது மோசம்.

கணக்கைப் பார்ப்போம். 1590 என்பதை நம்பினால், செர்பன்ட் பிரெஞ்சுத் தேவாலயங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறது. அதைத் தோற்கடித்ததாகச் சொல்லப்படும் ஒஃபிக்ளைட் 1821-இல் காப்புரிமை பெற்றது. அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் அர்த்தமே ‘சாவி வைத்த பாம்பு’தான். பதவியைப் பிடித்தவன் முந்தையவன் பெயரையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவனும் ஏறக்குறையக் காலி. ட்யூபா 1835-இல் பெர்லினில் காப்புரிமை பெற்றது. அதற்கு இன்னும் இருநூறு வயது ஆகவில்லை. நிலைத்திருப்பதுதான் அளவுகோல் என்றால், தம்பி, ட்யூபா இன்னும் பாம்பின் வயதை எட்டவில்லை, கொஞ்சம் பொறு. ட்யூபா பிறந்த மறுவருடம் மெண்டல்சன் தன் ‘புனித பவுல்’ ஓரட்டோரியோவில் செர்பன்டுக்கு எழுதினார். 1842-இல் வாக்னர் ‘ரியென்ஸி’யில் எழுதினார். செத்த வாத்தியத்துக்கு யாரும் பார்ட் எழுத மாட்டார்கள்.

ட்யூபா ஜெயித்தது வேறு போட்டியில். கூட்டம் பெரிதானது, அரங்கம் பெரிதானது, ஆர்கெஸ்ட்ரா பெரிதானது, எந்த ஊரில் எவன் வாசித்தாலும் ஒரே ஸ்வரம் வர வேண்டும் என்றானது. அதற்கு ட்யூபா சரி. குரலுக்குப் பக்கத்தில் நின்று அதைத் தாங்கும் போட்டியில் ட்யூபா கலந்துகொள்ளவே இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு நிறுவனத்தில், பழைய பில்லிங் புரோகிராம் ஒன்றை மாற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய சீனியர். நான் ஒரு பிரசன்டேஷன் போட்டேன், அவர் எழுதிய நீண்ட, வளைந்து வளைந்து போகிற ஒரு பகுதியைத் திரையில் காட்டி, கீழே ஒரு நகைச்சுவை. அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். புதியது ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதம்தான் தெரிந்தது, அந்த வளைவுகளெல்லாம் இரவு ஷிப்டில் டேட்டா போடுபவர்கள் செய்யும் தவறுகளைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தன என்று. அவர்கள் தவறு செய்கிறார்கள் என்பதே அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வேலையை விட்டிருந்தார்.

இன்று செர்பன்டுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மங்க் தன் கையால் செர்பன்ட் செய்து, 1970-களில் லண்டன் செர்பன்ட் ட்ரியோவாக மேடையேற்றினார். பிரான்சில் மிஷேல் கொடார் அதில் ஜாஸ் வாசிக்கிறார். ஆனால் பெருவாரியான ஜனங்கள் அதைக் கேட்டது சினிமாவில். 1959-இல் ‘பூமியின் மையத்துக்குப் பயணம்’ படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் ராட்சதப் பல்லிக்கு இதை வாசிக்கவைத்தார். 1979-இல் ‘ஏலியன்’ படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இதைப் பயன்படுத்தினார். இரண்டும் அருமையான இசை. ஹாஸ்டலில் நடுராத்திரி ‘ஏலியன்’ பார்த்துப் பயந்தபோது இந்தப் பாம்பும் அதில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆனாலும் பாருங்கள், மனிதக் குரலோடு மற்ற எதையும்விட நன்றாகக் கலக்கிறது என்று பெயர் வாங்கிய வாத்தியத்துக்கு நாம் கொடுத்த வேலை, மனிதனல்லாததன் குரல்.

மார்செல் பெரெஸ் நடத்தும் ஆர்கனம் குழு, ஓசேர் கதீட்ரலின் பதினெட்டாம் நூற்றாண்டு ப்ளெய்ன்சான்டை ஒலிப்பதிவு செய்திருக்கிறது. பாம்பு பிறந்ததாகச் சொல்லப்படும் அதே ஓசேர். ஹெட்போன் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். முதல் சில நிமிடங்கள் ஆண்குரல்கள் மட்டும்தான் என்று நினைத்தேன். அந்தக் குரல்களுக்கு இவ்வளவு கனமான தரை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதுதான் கீழே இருந்த அந்த மூச்சு பிடிபட்டது.

போன வாரம் அதே வாட்ஸ்அப் குழுவில் அதிலிருந்து ஒரு துண்டைப் போட்டேன். ‘மூணு வருஷம் முன்னாடி நான் கிண்டல் பண்ணின அதே வாத்தியம், கேட்டுப் பாருங்க’ என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மை ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. ‘பாட்டு நல்லாருக்கு ப்ரோ. வாத்தியம் எங்க?’