தறி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு அறை

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் பாதிக் கூடத்தைக் குழித்தறியே அடைத்துக்கொள்ளும். கடன், கூலிக் குறைவு, அதனால் வரும் சண்டை எல்லாம் பிள்ளையின் கண்ணெதிரே நடக்கும். பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம், இல்லையென்றால் அதட்டுகிறோம். ஆறு வயதுக்குப் பயத்தைச் சொல்லத் தெரியாது. பொம்மையை அடித்துக் காட்டத் தெரியும். இலங்கையின் மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண், வண்ணம், கதை கொண்டே தேற்றியது. பொம்மை வாங்கிப் போட்டால் ஆயிற்றா? பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். ஆரணி அரசு மருத்துவமனையில் இப்படிப்பட்ட விளையாட்டுக்கென ஓர் அறையும், வாரம் ஒருநாள் ஓர் உளவியலாளரும் வேண்டும். மாவட்ட நிர்வாகம் மனம் வைக்கட்டும்.